ஐந்து மணித்தியாலத்தில் இருபது மீற்றர்

இரவில கரண்ட் போனால் அறையிலிருந்து குசினிக்குப் போய் மெழுகுதிரி எடுத்து வருவது எங்களுக்குப் பெரிய வேலையில்லை. மேசை எங்க, கதவு எங்க எண்டு தெரியும். கால் கதிரையில் இடித்தால் விலகி நடப்போம். ஆனால் இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கு: நான் எங்கே நிற்கிறேன், எங்கே போக வேண்டும், இடையில் என்ன இருக்கிறது? நடமாடும் ரோபோக்களின் வரலாறு இந்தக் கேள்விகளோடு மனிதர் பட்ட பாட்டின் வரலாறு.

கலைப்பீடத்தில படிக்கிற எனக்கு இதில என்ன வேலை எண்டு கேட்கலாம். வாசிக்கத் தொடங்கியபோது இன்னொரு கேள்வி வந்தது: இயந்திரம் உலகத்துக்குப் பழகியதா, இல்லை இயந்திரத்துக்காக உலகத்தை மாற்றினோமா?

1948, 49 காலத்தில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் மூளை ஆய்வாளர் கிரே வால்ட்டர் இரண்டு 'ஆமைகள்' செய்தார். பெயர் எல்மர், எல்சி. மூன்று சில்லு, வெளிச்சத்தை உணரும் ஒரு கண், முட்டினால் அறியும் ஓடு, மூளைக்குப் பதிலாக இரண்டு வெற்றிடக் குழாய். அவ்வளவுதான். மிதமான வெளிச்சத்தைத் தேடிப் போகும், கூசும் வெளிச்சத்தை விட்டு விலகும். பற்றரி இறங்கும்போது அந்தக் கூச்சம் போய்விடும். விளக்கெரியும் கூட்டுக்குள் போய் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். 'நான் எங்கே?' எண்ட கேள்வியே அதுக்குத் தேவைப்படவில்லை.

1966 முதல் 1972 வரை கலிபோர்னியாவில் ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ஷேக்கி இதற்கு நேர்மாறு. ஓடும்போது ஆடியதால் அந்தப் பெயர். உடம்பில் ரிவி கமரா, தூரம் அளக்கும் கருவி, பூனைமீசை மாதிரி முட்டுணரி. யோசிக்கிற வேலையைச் செய்தது தள்ளி இருந்த பெரிய கணினி. பணம் கொடுத்தது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை. ஷேக்கி அறையின் வரைபடத்தை வைத்துத் திட்டம் போட்ட பிறகுதான் நகரும். அந்தத் திட்டத்துக்காக 1968இல் ஹார்ட், நில்சன், ரபேல் மூவரும் வெளியிட்ட 'ஏ ஸ்டார்' எனும் வழிதேடும் முறை இன்றைக்கும் வீடியோ கேம்களில் ஓடுது.

ஆனால் ஷேக்கி ஓடிய அறைகளைப் பாருங்கோ. சமமான தரை, ஒழுங்கான வெளிச்சம், வர்ணம் பூசிய பெரிய பெட்டிகள். ஒரு செருப்புக்கூடக் கிடக்காது. அப்படியிருந்தும் சில்லு வழுக்க, தான் நிற்கும் இடத்தை அது பிழையாகக் கணக்குப் போடும். கமராவால் பார்த்துத் திருத்த வேண்டியிருந்தது.

கதிரைகள் நிறைந்த உண்மையான அறையைக் கடக்க ஹான்ஸ் மொராவெக் முயன்றார். 1979இல் அவருடைய 'ஸ்டான்போர்ட் வண்டி' ஒரு மீற்றர் நகரும், பிறகு 10, 15 நிமிடம் நின்று படங்களைக் கணிக்கும். 20 மீற்றர் போக ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம்! வெளியே வெயிலில் விட்டபோது, அது யோசித்து முடிப்பதற்குள் நிழல்கள் நகர்ந்து குழப்பிவிட்டன.

அந்த வேலையில் மொராவெக்குக்கு உதவிய ரொட்னி புரூக்ஸ், 1980களில் எம்.ஐ.டி.யில் வேறு முடிவுக்கு வந்தார்: வரைபடத்தை விடுங்கள், உணர்ந்தவுடன் நகரட்டும். அவர் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் 2002இல் விற்பனைக்கு விட்ட ரூம்பா, வரைபடமே இல்லாமல் முட்டித் திரும்பி முட்டித் திரும்பி வீடு கூட்டியது. வால்ட்டரின் ஆமைக்கு ஒருவகையில் பேரப்பிள்ளை.

வரைபடத்தைக் கைவிடாதவர்களும் இருந்தார்கள். 1986 அளவில் சமிக்ஞைகளோடு சேர்த்துப் பிழையையும் கணக்கில் எடுக்கும் முறைகள் உருவாகின. 'நான் இங்கே நிற்கிறேன்' எண்டு சொல்லாமல் 'அநேகமா இங்கே நிற்கிறேன்' எண்டு சொல்லும் ரோபோ. போகப் போக வரைபடத்தைக் கீறும், அதே வரைபடத்தில் தன்னையும் தேடும். கணினியின் வேகம் கூடியதும் முக்கியம்தான். ஆனால் தன் பிழையை ஒத்துக்கொண்டு நடக்கப் பழகியதுதான் பெரிய திருப்பம் எண்டு எனக்குப் படுது.

கதை இங்கே நல்லபடியாக முடியுது எண்டு நினைத்தால், 2012இல் அமேசன் கிவா நிறுவனத்தை வாங்கியதைப் பார்க்க வேணும். கிவாவின் களஞ்சிய ரோபோக்கள் தரையில் ஒட்டிய குறியீடுகளை வாசித்தபடி இறாக்கைகளைத் தூக்கிக்கொண்டு ஓடும். அந்தப் பரப்பு ரோபோக்களுக்கு மட்டும். தொழிலாளர் விளிம்பில் நின்று, தங்களிடம் வரும் இறாக்கையிலிருந்து பொருளை எடுத்துக் கொடுப்பார்கள். திரும்ப ஷேக்கியின் அறைதான், ஆனால் இந்தமுறை அதற்குள் மனிதரின் சம்பள வேலை இருக்கு.

உலகத்தில் பழகும் இயந்திரத்தைச் செய்வது கஷ்டம், செலவு. இயந்திரத்துக்கு ஏற்றபடி தரையையும் ஆட்களையும் ஒழுங்குபடுத்துவது மலிவு. எது நடக்கும் எண்டு தீர்மானிப்பது அறிவியல் மட்டுமில்லை. அடுத்தமுறை ரோபோக்கள் ஓடும் வீடியோ ஒன்றைப் பார்த்தால், முதலில் தரையைப் பாருங்கோ. பிறகு, மனிதர் எங்கே நிற்கினம் எண்டு பாருங்கோ.