மெட்ராஸில் பிறந்த 'பெங்கால்'!

'அண்ணே, வயித்தால போகுது. ரெண்டு சிப்ரோ குடுங்க!' – கோவில்பதாகை மெடிக்கல் ஷாப் வாசலில் நீங்களும் இப்படிக் கேட்டிருக்கலாம். ஒரு பழைய கதை சொல்கிறேன்.

1992 அக்டோபர். மெட்ராஸில் காலரா. ஆனால், கிருமி புதுசு! அதுவரை கொள்ளைநோயாகப் பரவியது ஓ1 வகைதான். இது ஓ139. பழைய காலராவைப் பார்த்துத் தேறிய உடம்பும் இதனிடம் தோற்றது. சில மாதங்களில் கல்கத்தா, வங்கதேசம் என்று பரவ, பெயர் என்ன வைத்தார்கள் தெரியுமோ? 'பெங்கால்'! (நம்ம ஊர் பெயர் தப்பியதற்குச் சந்தோஷப்படுவதா என்ன?!)

எம்ஓ10 என்ற அந்த மெட்ராஸ் கிருமிக்குள் வால்டர் குழுவினர் 1996-ல் கண்டுபிடித்தது ஒரு மூட்டை. சல்ஃபமெதாக்ஸசோல், டிரைமெதோப்ரிம், ஸ்ட்ரெப்டோமைசின் – மூன்றுக்கும் மசியாத மரபணுக்கள் அதற்குள்! 'எஸ்எக்ஸ்டி' என்று பெயர். பக்கத்துக் கிருமியோடு ஒட்டிக்கொண்டு, மூட்டையின் நகலை அதற்கும் கொடுத்துவிடும்.

எப்போது தாராளமாகக் கொடுக்கும்? 2004-ல் அதே வால்டர் குழு சோதித்தது. சிப்ரோ பட்டு டி.என்.ஏ. சிதைந்ததும், மூட்டையைப் பூட்டி வைத்திருந்த புரதம் உடைகிறது. கைமாறுவது பல மடங்கு எகிறுகிறது!