மொண்டிசோரி அம்மையாரும் திறந்தவெளிப் பாலர் கல்வியும்

புத்தளத்திலிருந்து கொழும்பு செல்லும் பெருவழியில், கற்பிட்டிச் சாலை பிரியுமிடத்தில் அமைந்த ஊர் பாலாவி. வெயிலும் காற்றும் கடல்நீரை உப்பாக்கும் அளங்கள் அங்கே உள்ளன. அப்பால் புத்தளக் களப்பு விரிந்து கிடக்கிறது. பள்ளி வயதை எட்டாத பிள்ளை காலையில் எங்கே போகிறது என்று கேட்டால், இலங்கையின் ஏனைய ஊர்களைப் போலவே இங்கும் "மொண்டிசோரிக்கு" என்றே தாய்மார் விடையிறுப்பர். இத்தாலிய மாது ஒருவரின் பெயர் நம் நாட்டுப் பேச்சு வழக்கில் பாலர் பள்ளிக்கே பெயராகிவிட்டது. அது வந்த வரலாற்றை அறிந்தோர், நான்கு சுவர்களுக்குள் மூன்று வயதுப் பிள்ளையிடம் கொப்பியையும் பென்சிலையும் கொடுத்து எழுத்தெழுத வைக்கும் இடத்துக்கு அப்பெயரைச் சூட்டச் சற்றே தயங்குவர்.

பிள்ளையின் விளையாட்டே அதன் கல்வி என்று அவருக்கு முன்னரே கண்டவர் ஜெர்மனியரான பிரோபெல். இளமையில் வனத்தொழில் பயின்ற அவர், 1837இல் தாம் தொடங்கிய பாலர் நிலையத்துக்கு 1840இல் 'குழந்தைகள் தோட்டம்' என்று பெயரிட்டார். அது வெறும் உவமையன்று. பிள்ளைகள் அங்கே பாத்தி கட்டிச் செடியும் வளர்த்தனர். 1851இல் பிரசிய அரசு இத்தகைய பள்ளிகளைத் தடைசெய்தது. மறு ஆண்டு பிரோபெல் மறைந்தார். தடை நீங்கியதோ 1860இல்தான். மண்ணளையும் மழலைகளைக் கண்டு ஓர் அரசு அஞ்சிய விந்தையை என்னென்பது!

1870இல் பிறந்த மரியா மொண்டிசோரி ஒரு மருத்துவர். 1907 ஜனவரி 6ஆம் நாள், ரோமாபுரியின் ஏழைகள் வாழ்ந்த சான் லொரென்சோப் பகுதியில் தம் முதற் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். பிள்ளை செய்வதை விளையாட்டென்று கூறாமல் வேலையென்றே கூறினார். அவ்வளவில் பிரோபெலுடன் மாறுபட்டார். ஆயினும் பிள்ளை மழையில் நனைவதையும் வெறுங்காலுடன் ஈரப்புல்லில் ஓடுவதையும் பெரியோர் தடுத்தலாகாது என்பதில் அவர் உறுதியாயிருந்தார்.

1939இல், பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று, அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்தார். ஓலைக்கொட்டில்களில் சுமார் முந்நூறு பேர் அவரிடம் பயிற்சி பெற்றனர். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கவே, அவர் பகை நாட்டுப் பிரசை ஆனார். மகன் மாரியோ காவலில் வைக்கப்பட்டார். அம்மையாரின் நடமாட்டமும் கட்டுப்படுத்தப்பட்டது. அவருடைய எழுபதாவது பிறந்தநாளையொட்டி மகனை அரசு விடுவித்தது.

1942 ஏப்பிரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. சென்னை மக்களும் நகரைவிட்டு வெளியேறினர். அவ்வாண்டு தாயும் மகனும் ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்திலுள்ள கொடைக்கானலை அடைந்தனர். போரினால் நேர்ந்த அந்த ஒதுக்கமே நல்வாய்ப்பாயிற்று. அங்கே பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாகக் கூடிய ஒரு சிறு பள்ளி உருவாயிற்று. சோலைக்காடும் ஓடையும் ஏரியுமே அதன் பாடநூல்கள். வழியிற் கண்ட இலையையும் பூவையும் பூச்சியையும் பிள்ளைகள் உற்று நோக்கினர். அவற்றை இனம்பிரித்துப் பெயரறிந்தனர். மண்ணும் நீரும் செடியும் விலங்கும் மனிதனும் ஒன்றையொன்று சார்ந்தே வாழ்கின்றன என்ற அம்மையாரின் பிற்காலக் கொள்கை இக்காலத்தில்தான் செழித்தது.

அப்பள்ளியில் அவருக்குத் துணைநின்றவர் இலங்கைப் பெண்மணி லீனா விக்கிரமரத்ன. அடையாற்றில் பயின்ற அவர், தாவரப் பாடங்களை வகுப்பதில் பெரும் பங்கு கொண்டார். பிற்காலத்தில் கலிபோர்னியாவில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். நம் நாட்டிலேயே அவர் பெயர் அதிகம் பேசப்படாதது வருந்தத்தக்கது. 1944இல் அம்மையாரே இலங்கைக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். 1952இல் ஒல்லாந்தில் அவர் மறைந்தார். டென்மார்க்கில் பிள்ளைகளை நாள்தோறும் காட்டுக்கே அழைத்துச் செல்லும் வனப் பாலர் பள்ளி தோன்றியதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான்.

பாலாவிப் பிள்ளைக்குக் கொடைக்கானற் சோலை இல்லை, களப்பு உண்டு. கண்டற் காய் தாய்மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு நீள்வதையும், சேற்றில் வீழ்ந்து வேரூன்றுவதையும் களப்போரத்தில் காணலாம். சிரட்டையில் எடுத்த கடல்நீரை வெயிலில் வைத்தால் சில நாளில் அடியில் வெண்மணிகள் படியும். அவற்றை நாவில் வைத்துப் பார்த்த பிள்ளைக்கு உப்பளத்தில் நடப்பது என்னவென்று வேறொருவர் விளக்க வேண்டியதில்லை. பக்கத்தில் ஆசிரியை நின்று, ஆழமான நீரின் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டாற் போதும்.