மஞ்சள் விளக்கு வந்து போகும் கதை

பழைய கார் வைத்திருக்கும் நம்மவர்களுக்கெல்லாம் அந்த மஞ்சள் விளக்கைத் தெரிந்திருக்கும். டேஷ்போர்டில் இஞ்சின் படம் போட்டிருக்குமே, அதேதான். திங்கட்கிழமை எரியும். வியாழக்கிழமை தானாக அணையும். மெக்கானிக்கிடம் கொண்டு போகும் அன்று மட்டும் எரியவே எரியாது :-) கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு புனேயிலிருந்து கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூர் வழியாக ஊருக்குக் கிளம்பும் வாரத்தில் மறக்காமல் எரியும். "இந்த வண்டியிலயா போறோம்?" என்று வீட்டில் ஒரு குரல் வரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, விளக்கின் பூர்வீகம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் விஷயம்: இந்த விளக்கு இஞ்சினைக் காப்பாற்றுவதற்காகப் பிறந்ததில்லை. காற்றைக் காப்பாற்றுவதற்காகப் பிறந்தது.

1940களில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் கண் எரியும் புகைமூட்டம் அடிக்கடி வந்தது. ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். ஆரி ஹாகன்-ஸ்மித் என்ற டச்சு வேதியியலாளர் அங்கே அன்னாசிப் பழத்தின் மணம் எதனால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். மனிதர் பழத்தை ஓரமாக வைத்துவிட்டு ஊர்க் காற்றைச் சோதித்தார். வண்டிப் புகையில் வரும் ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் சேர்ந்து ஓசோனாக மாறுவதுதான் காரணம் என்று 1950களின் தொடக்கத்தில் நிறுவினார். 1967இல் கலிபோர்னியாவில் காற்று வள வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே.

பிறகு சட்டங்கள் இறுகின. 1975இல் அமெரிக்கக் கார்களின் புகைக்குழாயில் கேட்டலிடிக் கன்வெர்டர் ஏறியது. 1976இல் வோல்வோ கார்களில் பாஷ் நிறுவனத்தின் ஆக்சிஜன் சென்சார் வந்தது. புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அளந்து, பெட்ரோலைக் கூட்டவா குறைக்கவா என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது இதன் வேலை.

இங்கேதான் சிக்கல். சென்சார் கெட்டாலும் வண்டி ஓடும். ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது, ஊர்தான் மூச்சுத் திணறும். அதனால் உரிமையாளருக்குச் சொல்ல ஒரு விளக்கு தேவைப்பட்டது. 1981இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களில் பரவலாக வைத்தது. 1988 மாடல்களிலிருந்து கலிபோர்னியா அதைக் கட்டாயமாக்கத் தொடங்கியது. 1996இலிருந்து அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் ஓபிடி-2 வந்தது. எந்தக் கம்பெனி வண்டியானாலும் ஒரே 16 பின் சாக்கெட், பொதுவான கோளாறுகளுக்கு ஒரே குறியீட்டு எண்கள். பி0300 என்றால் எங்கேயும் மிஸ்ஃபயர்தான்.

நம் நாட்டுக்கு வருவோம். 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வெர்டரும் ஈயமில்லாப் பெட்ரோலும் வந்தன. 1999இல் உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத்துக்கு யூரோ விதிகளை விரைவுபடுத்தியது. கார்புரேட்டர் போய் எம்பிஎஃப்ஐ வந்தது, கூடவே கம்ப்யூட்டரும் மஞ்சள் விளக்கும் வந்தன. ஆனால் சட்டப்படி ஓபிடி கட்டாயமானது 2010 ஏப்ரலில், பாரத் ஸ்டேஜ் 4 உடன்தான். அதுவும் 13 நகரங்களில் மட்டும். புனேயும் சென்னையும் அந்தப் பட்டியலில் இருந்தன; கோவை, மதுரை, திருச்சி இல்லை. 2013 ஏப்ரலில் ஓபிடி-2 ஆயிற்று. 2017இல் பாரத் ஸ்டேஜ் 4 நாடு முழுவதும் பரவியது. 2020இல் பாரத் ஸ்டேஜ் 6 வந்தபோது பைக், ஸ்கூட்டருக்கும் ஓபிடி ஏறியது.

இதெல்லாம் எதற்கு என்கிறீர்களா? உங்கள் வண்டி எந்த வருடத்தது, எந்த ஊரில் வாங்கியது என்பதைப் பொறுத்துத்தான் அது பேசும் பாஷை. 2013க்குப் பிந்தையது என்றால் சாதாரண ஸ்கேனரே படித்துவிடும். 2010க்கு முந்தையதில் அந்தந்தக் கம்பெனியின் தனிப் பாஷை இருக்கலாம்.

சரி, விளக்கு ஏன் வந்து வந்து போகிறது? அதுவும் விதியில் எழுதியதே. பல கோளாறுகளுக்கு ஒரு முறை தவறு நடந்தால் கம்ப்யூட்டர் மனசுக்குள் குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அடுத்த ஓட்டத்திலும் நடந்தால்தான் விளக்கைப் போடும். பிறகு மூன்று ஓட்டங்கள் தொடர்ந்து ஒழுங்காக இருந்தால் அணைத்துவிடும். ஆனால் குறியீடு உடனே அழியாது. இஞ்சின் சுமார் 40 முறை சூடாகி ஆறும்வரை நினைவில் கிடக்கும். கோளாறு பதிவான நொடியில் வேகம் என்ன, இஞ்சின் சூடு என்ன என்பதையும் எழுதி வைத்திருக்கும். ஆகவே விளக்கு அணைந்தால் நோய் தீர்ந்தது என்று அர்த்தமில்லை. மெக்கானிக் முன்னால் எரியாவிட்டாலும் சாட்சி உள்ளேதான் இருக்கிறது.

என் 2013 காரில் இதைக் கண்ணால் பார்த்தேன். ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டி, ஆக்சிஜன் சென்சார் குறியீடு வருகிறது, சென்சாரையே மாற்ற வேண்டும் என்று 7,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். தெருமுனை மராத்தி மெக்கானிக் அப்படிச் செய்யவில்லை. இஞ்சினை ஓடவிட்டு, ஸ்கேனரில் சென்சார் அளவைப் பார்த்துக்கொண்டே ஒயரை ஒவ்வொரு இடமாக அசைத்தார். ஓர் இடத்தில் அளவு பொத்தென்று விழுந்தது. "உந்தீர், சாஹேப்!" என்றார். எலி! கடித்த ஒயரைச் சால்டர் வைத்து, டேப் சுற்றி, 300 ரூபாய் வாங்கினார். குறியீடு சொல்வது எந்தச் சுற்றில் கோளாறு என்பதை மட்டும்தான். எந்தப் பாகத்தை மாற்று என்று அது சொல்வதே இல்லை. விட்டு விட்டு வரும் கோளாறில் ஒயர், கனெக்டர், எர்த், வெடித்த வேக்குவம் டியூப் ஆகியவற்றைப் பார்த்த பிறகே சென்சார்.

அந்த மெக்கானிக் கையில் ஸ்கேனர் இருப்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரிப் பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருந்ததுதான் குற்றச்சாட்டு. கம்பெனிகள் வழக்குக்குப் போயின, அது வேறு கதை. கார் நம்முடையது என்றால் அது என்ன சொல்கிறது என்று படிக்கும் உரிமையும் நம்முடையது இல்லையா?

ஊருக்குக் கிளம்பும் முன் செய்ய வேண்டியது இதுதான். குறியீட்டைப் படித்து எழுதிக்கொள்ளுங்கள். எழுதாமல் யாரையும் அழிக்க விடாதீர்கள், அழித்தால் சாட்சியும் போய்விடும். மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்து வண்டி இயல்பாக ஓடினால் மெக்கானிக்கிடம் காட்டும்வரை நிதானமாக ஓட்டலாம். விட்டு விட்டு மின்னினால் மிஸ்ஃபயர், கன்வெர்டர் வெந்துவிடும். வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்துங்கள். சிவப்பு நிற ஆயில் விளக்கோ சூட்டு விளக்கோ எரிந்தால் ஒரு கிலோமீட்டர்கூட வேண்டாம். அப்புறம், பார்க்கிங்கில் பிள்ளைகள் சிந்தும் முறுக்குத் தூளைப் பெருக்கிவிடுங்கள். எலிக்கு நம்ம ஊர் பலகாரம் ரொம்பப் பிடிக்கும் :-)