பத்து ரூபாய் பாக்கெட்டும் ஆடவல்லான் மரக்காலும்

போன மாசம் ஊருக்குப் போனப்போ பாட்டிக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிட்டுப் போனேன். பத்து ரூபாய் பாக்கெட். பாட்டி அதைப் பிரிக்கவே இல்லை. உள்ளங்கையில் வைத்து லேசாத் தூக்கிப் பார்த்தாங்க.

"எத்தனை கிராம்டா இது?"

"தெரியல பாட்டி. பத்து ரூபா."

"காசைக் கேட்டியே, எவ்ளோ தர்றான்னு கேட்டியா?"

எனக்குப் பதில் இல்லை. கடையில் நாம எல்லாரும் விலையைத்தான் பார்க்கிறோம், அளவைப் பார்க்கிறதில்லை. ஆனா வரலாற்றைப் பார்த்தா, கடைக்காரருக்கும் வாங்குறவங்களுக்கும் நடந்த சண்டையில் பாதி அளவைப் பற்றினது. இன்னைக்கு அந்தக் கதைதான்.

ஆயிரம் வருஷம் பின்னாடி போவோம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல்லையும் நெய்யையும் பற்றி எழுதும்போது, இத்தனை கலம், இத்தனை நாழி என்பதோடு நிறுத்த மாட்டாங்க. எந்த மரக்காலால் அளந்தது என்பதையும் சேர்த்து வெட்டுவாங்க. 'ஆடவல்லான்' என்று பேர் வைத்த மரக்கால் அது. அது 'ராஜகேசரி' என்ற மரக்காலுக்குச் சமம் என்றும் குறிப்பு இருக்கு. தங்கத்தை நிறுக்கிற எடைக்கல்லுக்கும் அதேபோலப் பேர் உண்டு. ஏன் இவ்வளவு மெனக்கெடணும்? எந்த அளவு என்று சொல்லாத எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. இந்த ஊர் மரக்காலும் அந்த ஊர் மரக்காலும் ஒண்ணா இருக்கணும்னு கட்டாயம் இல்லையே. ராஜராஜன் காலத்துக் கணக்குப்பிள்ளைகளுக்கு இது நல்லாத் தெரிஞ்சிருக்கு.

இந்தக் குழப்பம் 1950கள் வரைக்கும் தீரலை. அரிசிக்குப் படியும் ஆழாக்கும். எட்டு ஆழாக்கு ஒரு படி. புளி, வெல்லம், காய்கறிக்குப் பலமும் வீசையும். நாற்பது பலம் ஒரு வீசை, இன்னைக்குக் கணக்கில் சுமார் 1.4 கிலோ. ஊருக்கு ஊர் படியின் கொள்ளளவு மாறும். படியைத் தலைதட்டி அளக்கிறதா, கும்பாச்சியா அளக்கிறதா என்பதே பெரிய தகராறு.

1956-ல் எடை, அளவுகளுக்கான சட்டம் வந்தது. 1958 அக்டோபரில் கிலோகிராம் கடைத்தெருவுக்கு வர ஆரம்பிச்சு, 1962-க்குள் நாடு முழுக்க மெட்ரிக் முறை கட்டாயமாச்சு. நடுவில் 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி காசும் மாறியது. அதுவரை ரூபாய்க்குப் பதினாறு அணா. அன்னையிலிருந்து நூறு நயா பைசா. சிக்கல் என்னன்னா, ஒரு அணாவுக்குச் சரியா 6.25 நயா பைசா. கால் பைசாவுக்குக் காசு ஏது? பாட்டிக்கு அப்போ பன்னிரண்டு வயசு. "ஆறு பைசாதான்னு எங்கம்மா சொல்லுவாங்க, கடைக்காரர் ஏழு கேப்பார்" என்று இப்பவும் சிரிக்கிறாங்க. காசும் மாறி, எடைக்கல்லும் மாறிய அந்த அஞ்சாறு வருஷத்தில் ஒவ்வொரு தடவை கடைக்குப் போகும்போதும் மனசுக்குள் கணக்குப் போட்டாகணும். அந்தப் பழக்கம்தான் பாட்டியோட உள்ளங்கையில் இன்னும் இருக்கு.

அடுத்து பாக்கெட் வந்தது. நம்ம கண் முன்னாடி யாரும் அளந்து போடுறதில்லை. அதனால 1977-ல் பொட்டலப் பொருட்களுக்கான விதிகள் வந்தன. யார் தயாரிச்சது, நிகர எடை எவ்வளவு, எந்த மாசம், என்ன விலை, எல்லாம் மேலே அச்சடிக்கணும். ஆனா ஒரு ஓட்டை இருந்தது. 'உள்ளூர் வரிகள் தனி' என்று போட்டுக்கொள்ள அனுமதி இருந்ததால், வரி எவ்வளவுன்னு கடைக்காரர் சொன்னதுதான் கணக்கு. 1990-ல் விதியைத் திருத்தி அந்த ஓட்டையை அடைச்சாங்க. எல்லா வரியும் உள்ளடங்கிய அதிகபட்ச சில்லறை விலை, அதாவது நாம சொல்ற எம்.ஆர்.பி., கட்டாயமானது.

இங்கே ரெண்டு தப்பான நம்பிக்கையைச் சரி பண்ணிடுறேன். ஒண்ணு, எம்.ஆர்.பி. அரசு போடுற விலை இல்லை. விலைக் கட்டுப்பாட்டில் இருக்கிற மருந்து மாதிரி சிலதைத் தவிர, அதை முடிவு பண்றது தயாரிக்கிற கம்பெனிதான். அதனால 'எம்.ஆர்.பி.யில் நாற்பது சதவீதம் தள்ளுபடி' என்று பார்த்தா நான் உருகுறதில்லை. உச்சவரம்பை உயரமா வைக்கிறவங்களும் அவங்கதானே.

ரெண்டாவது, அது உச்சவரம்பு. அதுக்குக் கீழே விற்கலாம், மேலே விற்கக் கூடாது. ஒரு பஸ் ஸ்டாண்டில் இருபது ரூபாய் தண்ணீர் பாட்டிலுக்கு இருபத்தஞ்சு கேட்டாங்க. "கூலிங் சார்ஜ் தம்பி." பஸ் கிளம்பிட்டிருந்தது, கொடுத்துட்டேன். அஞ்சு ரூபாய்க்குச் சண்டை போடணுமான்னு ஒரு கூச்சம். அந்தக் கூச்சம் எனக்கு மட்டும் இல்லை, உங்களுக்கும் இருக்கும். ஆனா சட்டத்தில் கூலிங் சார்ஜ் என்று ஒண்ணு கிடையாது. உட்கார்ந்து சாப்பிடுற ஹோட்டலில் விஷயம் வேற. அங்கே பாட்டிலோட சேவையும் சேர்வதால் எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. கடையில் அந்த நியாயம் செல்லாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழ்நாட்டில் இந்த எடை, அளவு விஷயங்களைக் கவனிக்கிறது தொழிலாளர் துறை. அடுத்த தடவை நான் வாங்குவதற்கு முன்னாடியே விலையைச் சத்தமா வாசிச்சுக் காட்டுவேன். பல இடத்தில் அதுவே போதும்.

இப்போ மறுபடியும் பிஸ்கட்டுக்கு வருவோம். விலைக்கு உச்சவரம்பு இருக்கு, சரி. அளவுக்கு? பிஸ்கட், டீ, காபி, உப்பு, சோப்பு, சமையல் எண்ணெய் மாதிரி பொருட்களை இந்தெந்த அளவில்தான் பாக்கெட் போடணும் என்று ஒரு பட்டியல் ரொம்ப நாளா இருந்தது. 2022-ல் அந்தப் பட்டியல் போயிடுச்சு. எந்த எடையிலும் விற்கலாம். 'அஞ்சு ரூபா பாக்கெட்', 'பத்து ரூபா பாக்கெட்' என்று பேர் சொல்லிக் கேட்டே பழகினவங்க நாம. விலையை ஒரு ரூபாய் ஏத்தினா உடனே கண்டுபிடிச்சிடுவோம். எட்டு கிராம் குறைச்சா கண்டுபிடிக்க மாட்டோம். கம்பெனிக்கு எது வசதி என்று நீங்களே சொல்லுங்க.

ஆனா பட்டியலை எடுத்த அதே திருத்தம் நமக்கு ஒரு கருவியும் கொடுத்தது: அலகு விலை. ஒரு கிலோவுக்குக் குறைவான பாக்கெட் என்றால் ஒரு கிராம் என்ன விலை, கிலோவுக்கு மேல் என்றால் ஒரு கிலோ என்ன விலை என்று எம்.ஆர்.பி.யோட சேர்த்துப் போடணும். பொடி எழுத்தில்தான் இருக்கும், தேடுங்க. உதாரணத்துக்கு, 500 கிராம் சலவைத் தூள் 62 ரூபாய், 800 கிராம் 108 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெரிய பாக்கெட்தான் லாபம் என்று கை தானா அதுக்குப் போகும். கணக்குப் போட்டா சின்னது கிராமுக்கு சுமார் 12 பைசா, பெரியது 13.5 பைசா. 'ஃபேமிலி பேக்' என்பது ஒரு பேர் மட்டும்தான்.

நான் இப்போ பண்றது ரொம்ப சிம்பிள். மாசாமாசம் வாங்குற ஏழெட்டுப் பொருளுக்கு மட்டும் கிராம் விலையை மொபைலில் குறிச்சு வைக்கிறேன். எல்லாத்துக்கும் பார்த்துக்கிட்டிருந்தா வாழ முடியாது. ஆனா அரிசி, எண்ணெய், டீத்தூள், சோப்புக்குப் பார்த்தாலே பாக்கெட் இளைச்சது தெரிஞ்சிடும்.

அன்னைக்குப் பாட்டிக்காகப் பின்பக்கம் திருப்பிக் கண்ணைச் சுருக்கி எடையைப் படிச்சுச் சொன்னேன். கிராம் விலையையும் சொன்னேன். ஒரு நிமிஷம் விரல் விட்டு எண்ணினாங்க.

"அப்போ கிலோ என்ன விலை ஆச்சு தெரியுமா? அடுத்த தடவை கடலை உருண்டை வாங்கிட்டு வா."

சொல்லிட்டு பாக்கெட்டைப் பிரிச்சாங்க. டீயில் தொட்டு, மூணு பிஸ்கட் சாப்பிட்டாங்க.