ஊழிய மான்யமும் ஸ்வத்வ விசாரமும்

பெருமாள் கோயில்களில் அர்ச்சகர், பரிசாரகர், அத்யாபகர் முதலானோரின் ஜீவனத்திற்காக அரசரும் ஊராரும் விட்ட நிலங்கள் ஊழிய மான்யம் எனப்பட்டன. 1858-இல் சென்னை ராஜதானியில் அமைந்த இனாம் கமிஷன் அவற்றை ஆராய்ந்து, ஊழியம் நடக்குமளவும் செல்லும் என்று உறுதிப்பத்திரம் அளித்தது. 1963-ஆம் வருஷத்து 30-ஆவது சட்டமோ சிறு இனாம்களை ஒழித்து ரயத்துவாரியாக மாற்றியது. முன்னைச் சட்டம் தந்த உரிமையைப் பின்னைச் சட்டம் நீக்கினால், அதனை நம்பி வாழ்ந்தவர்க்குத் தர்மத்தின்பாற்பட்ட கோரிக்கை ஏதேனும் எஞ்சுமோ என்பதே ஈண்டு விசாரம்.

ஸ்வத்வம் சாஸ்திரத்தால் அறியப்படுவதோ, லோக வியவஹாரத்தால் உண்டாவதோ என்னும் வாதத்தில், மிதாக்ஷராகாரரான விஜ்ஞானேச்வரர் அது லௌகிகமே என நிர்ணயித்தார். அப்பக்ஷத்தில், வியவஹாரத்தால் வந்தது வியவஹாரம் மாற மாறும். ஆகவே, சட்டம் ஒருகால் தந்தமையால் என்றும் எமதே என்னும் நம்மவர் வாதம் நில்லாது.

ஆயினும் கோரிக்கை முழுதும் அழிந்ததன்று. மான்யத்தை நம்பி வேறு தொழில் நாடாது, பாலகரை இளமை முதலே ஆகமத்திலும் திவ்யப்பிரபந்தத்திலும் பயிற்றிய குடும்பங்கள் பல. அந்நம்பிக்கையை விளைவித்தது ராஜசாஸனமே. தானத்தினும் பரிபாலனம் உயர்ந்தது என்று விஜயநகரச் செப்பேடுகள் பல முடிவதும் இதுபற்றியே. அந்நிலத்தைத் தலைமுறைகளாக உழுத குடிகளுக்கும் இந்நியாயம் ஒக்கும் என்பதை நாம் மறத்தலாகாது.

இனி, ஊழிய நிபந்தனையோடு நிலமுடைய தனியொருவர்க்கு 1963-ஆம் வருஷத்துச் சட்டம் இருவழி காட்டியது. கோயிலுக்குக் குறித்த தொகையைச் செலுத்தி நிலத்தை ஊழியக் கட்டினின்று விடுவித்துக்கொள்ளலாம். அன்றேல் நிலத்தை வைத்துக்கொண்டு ஊழியத்தைத் தொடரலாம். முதல்வழி கொண்டாரிடம் சட்டப்படி குற்றமில்லை. ஆனால் நம்பிக்கை இருதலைப்பட்டது. கொடுத்தவர், கைங்கர்யம் நடக்கும் என்று நம்பியே கொடுத்தார். பொருள் தந்து கைங்கர்யத்தை விலக்கிக்கொண்டவர், பின்னர்ப் பழைய உரிமையைச் சொல்லி முறையிடுதல் எங்ஙனம் பொருந்தும்? மான்யம் குறைந்த பின்னும் திருவாராதனத்தை விடாது நடத்தியவரின் முறையீடே தர்மத்தில் நிற்பது.

திருமந்திரத்தில் பிரணவம் சேஷத்வத்தையும், நாராயணபதம் கைங்கர்யத்தையும் உணர்த்த, 'எனக்குரியேன் அல்லேன்' என்னும் நமஸ்சப்தம் நடுவே நிற்கிறது. அதனைக் கடந்தே கைங்கர்யம் வருமாதலின், நாம் கோரத்தக்கது நிலத்தின் ஸ்வத்வமன்று. கைங்கர்யம் இடையறாது நடத்தற்கு வேண்டும் ஜீவனமே. அக்கோரிக்கை எச்சட்டம் மாறினும் மாறாது.