சூளை மெருகும் யுரேனிய விகிதமும்

நெய்வேலிப் பக்கத்துக் களிமண்ணைச் சார்ந்து விருத்தாசலத்தில் வளர்ந்த செராமிக் தொழிலில், சூளையிலிருந்து இறங்கும் பொருளுக்கு வழவழப்பையும் நிறத்தையும் தருவது, தொழிலாளர் கிளேஸ் எனச் சொல்லும் கண்ணாடி போன்ற மேற்பூச்சு. இப்பூச்சை ஒளி ஊடுருவாத வெண்மையாக்க உலகெங்கும் பீங்கான் தொழிலில் சேர்க்கப்படும் சிர்கான் என்னும் கனிமம், கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுக்கப்படுகிறது. 1789இல் பெர்லின் வேதியியலாளர் மார்ட்டின் கிளாப்ரோத், இலங்கையிலிருந்து சென்ற சிர்கான் கல்லில் சிர்கோனியத்தைக் கண்டறிந்தார். அதே ஆண்டில் பிட்ச்பிளெண்ட் என்னும் கருந்தாதுவில் யுரேனியத்தையும் அவரே கண்டறிந்தார். முன்னது வெண்மெருகுக்கும், பின்னது மஞ்சள், செம்மஞ்சள் மெருகுகளுக்கும் பயன்பட்டதால், இரு தனிமங்களின் வரலாறும் சூளையை ஒட்டியே நடந்தது.

1936இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஃபியஸ்டா பாத்திரங்களின் சிவப்பு மெருகில் யுரேனிய ஆக்சைடு இருந்தது. 1943இல் அணுகுண்டுத் திட்டத்துக்காக அரசு யுரேனியத்தைத் தன்வசப்படுத்தியதால் அந்நிறம் நின்றுபோய், 1959இல் யுரேனியம்-235 குறைக்கப்பட்ட யுரேனியத்தைக் கொண்டு மீண்டும் தொடங்கியது. கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும் இவ்விரு காலச் சிவப்பையும் வேறுபடுத்துவது ஐசோடோப்புகளின், அதாவது ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுடைய அணுக்களின், விகிதம் மட்டுமே. இயற்கை யுரேனியத்தில் 235 நிறையுள்ளவை ஏறத்தாழ 0.72 விழுக்காடு, எஞ்சியவை பெரும்பாலும் 238.

அணுக்களை மின்னேற்றி, காந்தப்புலத்தில் வளைத்து, நிறைவாரியாகப் பிரிக்கும் நிறை நிறமாலைமானியால் ஃபிரான்சிஸ் ஆஸ்டன் 1931இல் 238ஐ மட்டுமே கண்டார். 235ஐ ஆர்தர் டெம்ஸ்டர் 1935இல் கண்டறிந்தார். சில ஆண்டுகளில் ஆல்பிரட் நீர், 235இன் ஓர் அணுவுக்கு 238இன் அணுக்கள் சுமார் 139 என அளந்தது, அக்காலக் கருவிகளை எண்ணிப் பார்க்கையில் வியப்புக்குரிய சாதனை.

அதன் பின் துல்லியத்துக்குத் தடையாக நின்றது காந்தமன்று, வெப்பமே. யுரேனியக் கரைசலின் ஒரு துளியை ரீனியம் என்னும் உலோக இழையில் உலர்த்திச் சூடாக்கும்போது, எடை குறைந்த அணுக்கள் சற்றே முந்தி ஆவியாகின்றன. ஆகவே அளவீட்டின் தொடக்கத்தில் காணும் விகிதமும் இறுதியில் காணும் விகிதமும் ஒன்றாக இருப்பதில்லை. இப்பிழையைத் திருத்த, இயற்கையில் பெரும்பாலும் காணப்படாத 233, 236 ஆகிய இரு ஐசோடோப்புகளை முன்னரே அறிந்த விகிதத்தில் மாதிரியுடன் கலக்கிறார்கள். அவ்விகிதம் எவ்வளவு திரிந்து தெரிகிறதோ, அதிலிருந்து 235க்கும் 238க்கும் நேர்ந்த திரிபைக் கணிக்க முடிகிறது. மாதிரி தன் பிழையைத் தானே காட்டிக்கொடுக்கும் இவ்வழி, இத்துறையின் மிக அழகிய யோசனை எனலாம்.

நெடுங்காலம் 137.88 என மாறிலியாகக் கொள்ளப்பட்ட விகிதம், 2012இல் ஜோ ஹீஸ் குழுவினர் பல இடத்துச் சிர்கான்களை இம்முறையில் அளந்தபோது, சராசரியாக 137.818 எனத் தெரிந்தது. மெருகுக்கு அரைக்கப்படும் அதே கனிமம் இங்கே பாறைகளின் காலங்காட்டியாகிறது. சிர்கான் படிகம் உருவாகும்போது யுரேனியத்தை ஏற்று ஈயத்தைப் பெரும்பாலும் விலக்குவதால், பின்னர் அதில் காணும் ஈயம் யுரேனியச் சிதைவின் விளைவு எனக் கொண்டு வயது கணிக்கப்படுகிறது. 235இலிருந்து ஈயம்-207உம், 238இலிருந்து ஈயம்-206உம் தோன்றுவதால், இவ்விரு ஈயங்களின் விகிதத்தைக் கொண்டு வயதை அறியும் முறையில் யுரேனிய விகிதம் கணக்குக்குள் நேரடியாக நுழைகிறது. தமிழகத்தின் வடபகுதிச் சார்னோக்கைட்டுப் பாறைகளில் சுமார் 250 கோடி ஆண்டு வயதுடைய சிர்கான்கள் உள்ளன. அத்தகைய படிகத்தின் வயதை 137.88க்குப் பதில் 137.818 கொண்டு கணித்தால், அது ஏறத்தாழ 7.5 லட்சம் ஆண்டுகள் குறைகிறது.