வளையத்தை வெட்டியது யார்?

பாகூர் செப்பேடுகள் மொத்தம் ஐந்து. 9-ஆம் நூற்றாண்டில் பல்லவ அரசன் நிருபதுங்கவர்மன் தன் 8-ஆம் ஆட்சியாண்டில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு, நம்ம பாஷையில் ஒரு கல்லூரிக்கு, மூன்று ஊர்களைக் கொடுத்த கணக்கு அதில் சமஸ்கிருதத்திலும் தமிழிலும் இருக்கிறது. இந்த மாதிரி ஏடுகளைத் துளையிட்டு வளையத்தில் கோத்து, வளையத்தின் முனைகளை அரச முத்திரையால் மூடிவிடுவார்கள். நடுவில் ஒரு ஏட்டைச் செருகணும்னா வளையத்தை வெட்டியாகணும். வெட்டினால் தழும்பு நிற்கும். பழைய ‘எபிகிராஃபியா இண்டிகா’ கட்டுரைகளைப் புரட்டினால், ஏடுகள் கைக்கு வந்தபோது வளையம் ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்ததா என்பதை ஆசிரியர்கள் முதலிலேயே குறித்துவைப்பதைப் பார்க்கலாம்.

நாம் தினமும் திறக்கும் கட்டுகளுக்கு அப்படி ஒரு வளையம் கிடையாது. வேர்டு ஆவணம், மின்னூல், ஆண்ட்ராய்டு செயலி எல்லாமே உள்ளுக்குள் ஜிப் கோப்புதான். 1989-இல் அமெரிக்கர் ஃபில் காட்ஸ் கொண்டுவந்த வடிவம் அது. அதற்கு முந்தைய வருஷம் ஆர்க் என்ற வடிவத்தின் சொந்தக்காரர்கள் அவர்மேல் வழக்குப் போட்டிருந்தார்கள். அவரோ தன் வடிவத்தை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார். 2000-இல், 37 வயதில், குடியால் இறந்துபோனார். அவர் பெயரின் முதலெழுத்துகள் ‘பிகே’ இன்றைக்கும் எல்லா ஜிப் கோப்பின் தலையிலும் இருக்கின்றன.

ஜிப்பில் பொருளடக்கம் கடைசியில் வரும். ஃப்ளாப்பி காலத்துக்கு இது வசதி. புதுக் கோப்பைச் சேர்க்க, பழைய பொருளடக்கம் இருந்த இடத்தில் கோப்பை எழுதி, அதற்குப் பின்னால் புதுப் பொருளடக்கத்தை எழுதினால் முடிந்தது. நடுவில் ஒன்றைத் திருத்துவதுதான் சிக்கல். சுருக்கிய அளவு மாறினால், பின்னால் இருப்பதெல்லாம் நகரும். ஆகவே யாரும் உண்மையில் திருத்துவதில்லை, பிரதி எடுக்கிறார்கள். நினைவகத்தில் ஒரு ஸ்ட்ரீமில் பழைய கட்டை வாசித்து, இன்னொரு ஸ்ட்ரீமில் ஒவ்வொன்றாக எழுதி, மாற்ற வேண்டியதை மட்டும் மாற்றி எழுதுவது. செல்லரித்த ஓலைக்குப் புது ஓலை எழுதிச் சேர்க்கிற வேலைதான் இது. கட்டை மூடும்போதுதான் பொருளடக்கம் எழுதப்படும். மூடாமல் ஸ்ட்ரீமை எடுத்து அனுப்பினால் எதிர்முனையில் ‘கோப்பு கெட்டுவிட்டது’ என்று வரும். டாட்நெட்டில் இதில் மாட்டாதவர்கள் குறைவு.

ஹார்டு டிஸ்கில் எதுவும் படாமல் எல்லாம் நடந்துவிடுகிறது. தேதியை நிரலே விரும்பியபடி போடலாம். சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண் தற்செயல் பிழையைப் பிடிக்கும், திருட்டைப் பிடிக்காது. திருத்துகிறவனே புது எண்ணைக் கணக்கிட்டு எழுதிவிடுவான்.

சரி, முத்திரை குத்தலாமே? ஆண்ட்ராய்டு அப்படித்தான் செய்தது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாக ஹாஷ் எடுத்து, அந்தப் பட்டியலில் கையொப்பம். 2013-இல் ப்ளூபாக்ஸ் என்ற நிறுவனம் ஓட்டையைக் காட்டியது. ஒரே பெயரில் இரண்டு கோப்புகளைக் கட்டுக்குள் வைத்தால், சோதிக்கும் நிரல் ஒன்றைப் பார்த்துத் தலையாட்டும், ஓடுவது மற்றொன்று! ஒரே எண்ணில் இரண்டு ஏடு. அதிகாரி நல்லதை மட்டும் படித்துவிட்டுப் போன கதை.

2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7 புதிய முறைக்கு மாறியது. இப்போது கட்டு முழுவதன் பைட்டுகளுக்கும் சேர்த்துக் கையொப்பம். அதை வைக்கும் இடம், பொருளடக்கத்துக்குச் சற்று முன்னால்.